அடியெடுத்துக் கொடுத்தால் வரும்: விளம்பரப் பாட்டு சேகரிக்க வரும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

சிறு வயதில் கேட்ட விளம்பரப் பாட்டுகளை நம் கடற்கரை மக்கள் எவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை ஆய்வேடாக எழுதப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய வினாத்தாளைப் படித்தேன். இதே எண்ணத்தோடு வேறு பிள்ளைகளும் கிளம்பக்கூடும் என்பதால் பதிலைப் பலரும் படிக்கும்படியே எழுதுகிறேன். "உங்களுக்கு நினைவிருக்கும் விளம்பரங்களைக் கூறுக" என்ற முதல் கேள்வியை எடுத்துவிடு. அப்படிக் கேட்டால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பாதிப் பேர் "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்று எழுந்து போய்விடுவார்கள். உன் ஏட்டில் அவர்கள் மறந்தவர்களாகப் பதிவாகிவிடுவார்கள்.

உன் பெரியம்மாவிடமே இதைச் சோதித்துப் பார்த்தேன். வாசலில் அமர்ந்து கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவரிடம் இலங்கை வானொலியில் கேட்ட விளம்பரம் ஏதேனும் சொல்லச் சொன்னேன், உதட்டைப் பிதுக்கினார். கோபால் பல்பொடி விளம்பரத்தின் முதல் சொல்லை மட்டும் அதே இழுவையில் நான் எடுத்துக் கொடுத்ததும், கையிலிருந்த ஊசி நிற்காமலே அந்த விளம்பரம் அடுக்கும் நாடுகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. மூன்றாவதாக வரும் நாடு எது என்று தனியாகக் கேட்டபோதுதான் திணறினார். மறுபடியும் முதல் நாட்டிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தே அதைப் பிடித்தார். அடியெடுத்துக் கொடுத்தால்தான் அடுத்த அடி வரும். உன் வினாத்தாளில் அதற்கு இடமே இல்லை.

நம் கரையில் இந்த நினைவு இவ்வளவு ஆழமாக ஊறியதற்குக் காரணமும் உண்டு. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கிவிட்டது. நம் விவித பாரதி விளம்பரங்களை ஏற்றுக்கொண்டதோ 1967-இல்தான். இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டு வியாபாரி வானொலியில் விளம்பரம் செய்ய விரும்பினால் கடலுக்கு அப்பால்தான் போக வேண்டியிருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான் தூரம். அதோடு மத்திய அலை ஒலிபரப்பு, உப்புநீர்ப் பரப்பின் மேல் செல்லும்போது நிலத்தின் மேல் செல்வதைவிடக் குறைவாகவே வலுவிழக்கும். எனவே தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் கடலுக்குப் போன படகிலும் ஒரே நிலையம்தான் ஒலித்தது. கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் அடுத்த பாட்டை அறிவிக்கும் வரை விளம்பரத்தையும் கேட்டாக வேண்டும். அதைத் தள்ளிவிட்டுப் போக அப்போது வழியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விளம்பரங்களில் வந்த பொருள்கள் பல எங்கள் கடைகளில் கிடைக்கவே இல்லை. மலிபன் பிஸ்கட்டையும் ராணி சந்தன சோப்பையும் கண்ணால் பார்க்காமலே அவற்றின் புகழைப் பாடித் திரிந்தோம். (கொழும்பில் கடை வைத்திருந்த கீழக்கரைக் குடும்பங்களுக்கு வேண்டுமானால் அவை கைக்கு எட்டியிருக்கும்.) 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்ததும் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்து, சிங்களம் தெரியாமலே சிங்கள விளம்பரங்களையும், பின்னர் தூர்தர்ஷனில் இந்தி தெரியாமலே நிர்மா பாட்டையும் முழுதாகப் பாடினோம். பொருளை வாங்கியதும் இல்லை, சொல்லுக்குப் பொருள் புரிந்ததும் இல்லை, ஆனாலும் பதிந்துவிட்டது. ஆகவே "அப்பொருளைப் பயன்படுத்தினீர்களா?" என்று நீ கேட்டிருக்கும் ஐந்தாவது கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே, உன் ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

மெட்டு இருந்ததால் மனத்தில் நின்றது என்று மட்டும் எழுதி முடித்துவிடாதே. வாண்டா வாலஸ் என்ற ஆய்வாளர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து காதுக்குப் பழகிய பிறகே, பாடப்பட்ட வரிகள் பேசப்பட்ட வரிகளைவிட நன்றாக நினைவில் நின்றன. ஒரே ஒரு பத்தியைக் கேட்டவர்களுக்கு மெட்டு உதவவில்லை. நம் முன்னோர்கள் இதை ஆய்வு செய்யாமலே அறிந்திருந்தார்கள். மண்டல புருடர் சூடாமணி நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூலை விருத்தப்பாவில் பாடிவைத்ததால்தான், சொற்பட்டியலாகக் கொடுத்தால் வாயில் நுழையாத பெயர்களைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் ஓதி மனப்பாடம் செய்ய முடிந்தது. சோப்புக்காரர்கள் தங்கள் பெயரை அடியின் இறுதியில் சந்தத்தோடு பூட்டி வைத்ததும் அதே வித்தைதான்.

துல்லியத்தை எப்படி அளக்கப் போகிறாய் என்பதுதான் எனக்கு மிஞ்சியிருக்கும் கவலை. நிர்மா பாட்டில் வரும் ஹேமா, ரேகா, ஜெயா, சுஷ்மா ஆகிய நால்வரையும் இடம் மாற்றிப் பாடுகிறவர்கள் நிறையப் பேர். பெயர் மாறினாலும் சந்தம் இடறுவதில்லை. மறந்துபோன சொல்லுக்குப் பதிலாக அதே அளவுள்ள வேறொரு சொல்லை வைத்துவிட்டு, அதுதான் மூலம் என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. ஆகவே சரி, தவறு என்று ஒரே மதிப்பெண் போடாமல், சொல், சந்தம், பொருளின் பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள். நாலு பேர் கூடிவிட்டால் ஒருவர் மற்றவரைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அதனால் முதலில் ஒவ்வொருவரையும் தனியே பாடச் சொல்லிப் பதிவு செய்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் அப்போது வந்தால் உனக்கு வசதி. நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வா. இங்கே அடிக்கும் காற்றில் கைபேசி இரைச்சலைத்தான் அதிகம் பிடிக்கும்.

அன்புடன்,
மாமா