ஐந்தில் வைத்தால் ‘கொட்டுக்காளி’ கேட்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வரும் திரை விமர்சனங்களைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போகிறவன் நான். சில சமயம் படத்தைப் பார்த்துவிட்டு வந்து விமர்சனத்தைப் படித்து, இவர் பார்த்ததும் நாம் பார்த்ததும் ஒரே படம்தானா என்று குழம்பியதும் உண்டு. சினிமாத் தொழிலோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 ஆண்டுகள், நூல் நூற்கும் இயந்திரங்கள் ஓடும் ரிங் ஃபிரேம் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாதத்துக்கு இரண்டு படமாவது திரையரங்கில் பார்த்துவிடுவது என்று ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் வழக்கம் வைத்திருக்கிறோம். 2024 ஆகஸ்டு முதல் நாங்கள் பார்த்த சில படங்களைப் பற்றி, குறிப்பாக அவை காதில் விழுந்த விதத்தைப் பற்றி, தங்கள் பார்வைக்குச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

காதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டென்றே நினைக்கிறேன். ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் ஒருமுறை போய் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் என்னவென்று தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதிகளில் இருக்கிறது. கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு வேலை பார்த்த எங்களுக்கு, அப்படியொரு வரம்பு இருப்பதே வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது. உள்ளே கத்திப் பேசிப் பயனில்லை என்பதால் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். இன்றைக்கு இடது காது எனக்குப் பாதிதான் கேட்கிறது. உதட்டைப் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

2024 ஆகஸ்டு 23 அன்று மாரி செல்வராஜின் ‘வாழை’யும், பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒன்றாக வெளியாயின. ‘வாழை’யை முதலில் பார்த்தோம். வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளின் கழுத்து வலி நம் கழுத்துக்கு வந்துவிடும் அளவுக்கு எடுத்திருக்கிறார்கள்; அதைப் பற்றித் தங்கள் இதழிலும் பிற இதழ்களிலும் நிறையவே எழுதியாகிவிட்டது. ‘கொட்டுக்காளி’யைப் பற்றித்தான் எனக்கு நெடுநாள் மனக்குறை. பின்னணி இசையே இல்லாத படம் அது. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவு கட்டி, குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலும் ஏறிச் சாமியாரிடம் அழைத்துப் போகிறது. அன்னா பென் ஏற்ற அந்தப் பெண் கிட்டத்தட்டப் படம் முழுவதும் வாயே திறப்பதில்லை. அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் சூரிக்கோ தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறது. பேசாத ஒருத்தி, பேச முடியாத ஒருவன், நடுவில் ஆட்டோவின் உறுமலும் பூச்சிகளின் சத்தமும் கட்டிப்போட்ட சேவலின் சிறகடிப்பும்தான் இசை. வழியை மறித்து நிற்கும் காளையைக் கண்டு ஆண்கள் அத்தனை பேரும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக அழைத்துப் போகும் காட்சியை இந்தப் பத்தாண்டின் நல்ல காட்சிகளில் ஒன்றாகச் சொல்வேன்.

ஆனால் நாங்கள் பார்த்த அரங்கில் இவற்றில் பாதிக்கு மேல் கேட்கவில்லை. பூச்சிகளின் சத்தத்தைக் குளிர்சாதன இயந்திரத்தின் ரீங்காரம் விழுங்கிவிட்டது. சூரியின் கட்டிய குரல் முன்வரிசைக்கே எட்டியிருக்காது. பின்னால் இருந்த இளைஞர்கள், “சவுண்டைக் கூட்டுங்கப்பா” என்று இரண்டு முறை கத்திப் பார்த்துவிட்டு, பிறகு தங்கள் கதையைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கோளாறு என் காதில்தான் என்று நானும் பேசாமல் வந்துவிட்டேன். மறுநாள் மனைவியும் அதையே சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், நான் அடுக்களைக்கு வெளியே முணுமுணுப்பதுகூட.

அடுத்த மாதம் ‘லப்பர் பந்து’ வந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு அதுதான் முதல் படம் என்று சொன்னால் நம்பக் கடினம். கிரிக்கெட் ஆடும் கணவனின் ஆடுகளத்தின் மீது அவன் மனைவி டிராக்டரை ஓட்டும் இடத்தில் பெண்கள் பக்கமிருந்து எழுந்த கைத்தட்டல், சிக்ஸர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. ‘பொன்மனச் செல்வன்’ படத்து விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும்போது அரங்கமே சேர்ந்து பாடியது. பாட்டு சத்தமா, கூட்டம் சத்தமா என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இப்படிப்பட்ட சத்தத்தின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதைச் சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

செப்டம்பர் 27 அன்று வெளியான ‘மெய்யழக’னை அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டோம். மூன்று மணி நேரத்துக்கு மூன்றே நிமிடம் குறைவு. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவர், இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். “அத்தான், அத்தான்” என்று உருகும் ஒருவனின் பெயர் மட்டும் அவர் நினைவுக்கு வர மறுக்கிறது. கதை இவ்வளவுதான், மீதி எல்லாம் பேச்சு. யாரென்று தெரியாமலே சிரித்துச் சமாளிக்கும் அரவிந்த்சாமியின் முகத்தைப் பார்த்தபோது, எத்தனையோ கல்யாண வீடுகளில் நான் சிரித்துச் சமாளித்த முகங்கள் நினைவுக்கு வந்தன. இயக்குநர் பிரேம்குமார் அந்தப் பேச்சுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளிகள் பேச்சைவிட நன்றாகக் கேட்டன.

வெளியான சில நாட்களில் அதிலிருந்து ஏறத்தாழ 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்தார். நான் சிலாகித்துச் சொன்ன ஓர் உரையாடலை அவர் பார்க்கவே இல்லை. நான் தூங்கிக் கனவு கண்டிருப்பேன் என்றார். இருவரும் கொடுத்தது ஒரே கட்டணம். படம் நீளம் என்று சிலர் சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் பேச்சையே கதையாகக் கொண்ட படத்தில் பேச்சைக் குறைப்பது, பந்தி முடிவதற்குள் இலையை எடுப்பது போன்றது. ‘இந்தியன் 2’ படத்துக்கும் வெளியான பின்னால் கத்தரி விழுந்தது. அங்கே யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

இனி ‘கங்குவா’. 2024 நவம்பர் 14 அன்று வெளியான அந்தப் படத்தின் ஒலி குறித்து எழுந்த கூச்சலைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன். பிறகு கைக்குட்டையைக் கிழித்துக் காதில் அடைத்துக்கொண்டேன், ஓய்வு பெற்ற பின் முதல் முறையாக. பேரன் தன் கைபேசியில் ஏதோ ஒரு செயலியைத் திறந்து டெசிபல் அளவைக் காட்டினான். அந்த எண்ணை நம்பி இங்கே எழுதுவது நியாயமாகாது. இசை நிகழ்ச்சிகள் நடக்கும் பொது அரங்குகளுக்கு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்திருக்கிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். படத்தின் தயாரிப்பாளரே, ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் விருது பெற்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி, இந்தச் சத்தப் போட்டிக்கு யாரைக் குறை சொல்வது என்று வருத்தப்பட்டு எழுதினார். பின்னர் 12 நிமிடத்தையும் நறுக்கினார்கள்.

அந்த ‘இரண்டு புள்ளி’ என்றால் என்ன என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இடைவேளையில் ஆபரேட்டர் அறைப் பக்கம் போய் நின்றேன். அங்கே இருந்தவர் மரியாதையானவர். உள்ளே வரச் சொல்லி, ஒலிக் கருவியின் முகப்பில் பச்சை எழுத்தில் ஒளிர்ந்த எண்ணைக் காட்டினார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஏற்றலாம். ஒலிக்கலவை செய்கிறவர்கள் ஏழில் வைத்துத்தான் கேட்டுக் கலக்க வேண்டும், அரங்குகளும் ஏழில்தான் ஓட்ட வேண்டும் என்பது முறை. எங்கள் ஊரில் அது நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் எப்போதும் நிற்கிறதாம். “ஏழில் வைத்தால் ஸ்பீக்கரும் தாங்காது, ஜனங்களும் தாங்க மாட்டார்கள் ஐயா. ரசிகர் காட்சிக்கு மட்டும் ஏற்றச் சொல்லி அடிக்க வருவார்கள்” என்றார். ஏழிலிருந்து ஐந்துக்கு இறக்கினால் ஆறேழு டெசிபல் குறைந்துவிடும்.

அவர் சொல்லச் சொல்லத்தான் ஆகஸ்டு மாதத்துப் புதிர் எனக்கு அவிழ்ந்தது. அரங்குகள் ஐந்தில் ஓட்டுகின்றன என்பதை அறிந்த பெரிய படக்காரர்கள், அந்த ஐந்திலும் அதிர வேண்டும் என்று ஒலியை இன்னும் ஏற்றிக் கலக்கிறார்கள். அதைக் கேட்டு அரண்டுபோகும் அரங்குக்காரர் எண்ணை நாலரைக்கு இறக்குகிறார். அடுத்த படம் அதற்கும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருகிறது. இந்த இழுபறிக்கு நடுவே, முறைப்படி ஏழுக்காகக் கலக்கப்பட்ட ‘கொட்டுக்காளி’ போன்ற ஒரு படம் வந்தால், பெரிய படத்துக்காக இறக்கி வைத்த அதே எண்ணில்தான் அதுவும் ஓடுகிறது. ‘கொட்டுக்காளி’ ஓடியபோது எண் என்ன என்று கேட்டேன். “அதை யார் சார் மாற்றினார்கள்? அப்படியேதான் இருந்தது” என்றார். ‘படம் மெதுவாகப் போகிறது’ என்று சொல்லி எழுந்து போனவர்களில் எத்தனை பேர், உண்மையில் படம் கேட்காமல் எழுந்து போனவர்கள் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 20 அன்று வந்த ‘விடுதலை’ இரண்டாம் பாகத்தில் எனக்கு வேறு விதமான தொல்லை. வெற்றிமாறன் பேச வந்த அரசியலின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மில் தொழிலாளி என்பதால், சங்கம் வைக்கும் காட்சிகளில் கண்ணும் கலங்கியது. ஆனால் பல இடங்களில் உதடு ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொல்கிறது. படப்பிடிப்புக்குப் பிறகு வசனத்தை மாற்றிக் குரல் கொடுத்திருக்கிறார்கள் போலும். மற்றவர்கள் இதைக் கவனிக்காமல் கடந்திருக்கலாம். உதட்டைப் படித்தே முப்பது ஆண்டு பிழைத்தவனுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது போல இருந்தது.

2025 மே 1 அன்று வெளியான அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகில் ராமேசுவரம் வந்து, சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பம். வாய் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் அவர்களுடைய பயம். ஆகவே அந்தப் படத்தில் ஒவ்வொரு சொல்லின் இழுப்பும் நம் காதில் விழுந்தாக வேண்டும். அன்றைக்குக் காட்சி தொடங்கும் முன்பே போய் அதே ஆபரேட்டரிடம், ஆறில் வைக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஐந்தரைக்கு ஏற்றினார். சசிகுமாரும் சிம்ரனும் வீட்டுக்குள் தணிந்த குரலில் பேசியது எங்கள் வரிசை வரை தெளிவாக வந்தது. யாரும் காதைப் பொத்தவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தங்கள் விமர்சகர்கள் பெரும்பாலும் சென்னையில், நன்கு பராமரிக்கப்படும் அரங்குகளில் படம் பார்க்கிறார்கள். மாதம் ஒரு படத்தையாவது அவர்கள் திண்டுக்கல், தேனி, பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் டிக்கெட் எடுத்துப் பார்த்து எழுதச் செய்ய வேண்டும். விமர்சனத்தின் கீழே படத்தின் நீளத்தையும், வெளியான பின் வெட்டப்பட்டிருந்தால் எத்தனை நிமிடம் என்பதையும் ஒரு வரியில் போட வேண்டும். திரையரங்கு உரிமையாளர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: டிக்கெட் கொடுக்கும் இடத்தில் காட்சி நேரத்தை எழுதும் பலகையிலேயே, அன்றைய படம் எந்த எண்ணில் ஓடுகிறது என்றும் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். பஞ்சு கொண்டுவருவதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.