காற்றுக்குழாயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் சிலவற்றில், கார்களோடு வந்த கறுப்புக் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவப் பில்ரரும் பளபளக்கும் அலுமினியக் குழாயும் பூட்டிக் கொடுக்கும் வேலை மும்முரமாக நடந்து வருகிறது. பூட்டுவதை நான் குறைசொல்லவில்லை. தன் காரை அழகுபடுத்துவது அவரவர் விருப்பம். பூட்டிய பிறகு என்ஜினைச் சரிபார்த்து ரியூன் செய்யாமல், பற்றரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, “கொம்பியூட்டரை ரீசெற் பண்ணியாச்சு, இனிப் பயமில்லை” என்று சொல்லிக் காசு வாங்குவதையே இக்கடிதத்தில் கேள்விக்குட்படுத்துகிறேன்.

என் மகனின் காரில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து வந்த, 1500 சீசீ பெற்றோல் கார். பழைய குழாயில் காற்றளவைச் சென்சர் இருந்த இடத்தின் உள்விட்டம் 60 மில்லிமீற்றர். புதிதாகப் பூட்டிய அலுமினியக் குழாயில் அதே சென்சரைச் செருகிய இடம் 64 மில்லிமீற்றர். நாலு மில்லிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் பூட்டியவரும் நினைத்திருப்பார். குழாயின் வாய்ப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவது என்பதால், அந்த நாலு மில்லிமீற்றர் பரப்பை ஏறக்குறைய 14 சதவீதம் பெருப்பித்துவிட்டது.

அந்தச் சென்சருக்குள் இருப்பது சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி. ஓடிவரும் காற்று அதைக் குளிரவைக்கும். குளிரவிடாமல் வைத்திருக்க எவ்வளவு மின் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு உள்ளே போகும் காற்றின் நிறையைக் காரின் கணினி மதிப்பிடும். அந்த மதிப்பீடு முழுவதும் பழைய குழாயின் விட்டத்தை வைத்துக் கம்பனியில் எழுதப்பட்டது. குழாய் அகன்றால் அதே அளவு காற்று மெதுவாகக் கம்பியைக் கடக்கும். காற்றுக் குறைவாக வருகிறது என்று கணினி எண்ணிக்கொண்டு, பெற்றோலையும் குறைத்துத் தெளிக்கும். போதாக்குறைக்கு, பஞ்சாலான அந்தக் கூம்புப் பில்ரருக்கு அளவுக்கு மிஞ்சிப் பூசிய எண்ணெய் அந்தக் கம்பியில் படிந்துவிட்டால் அளவு இன்னும் பிழைக்கும்.

பெற்றோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்பது சீரான எரிதலுக்குரிய நிறை விகிதம். ஐடிலிலும் (கார் நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது) சீரான வேகத்திலும் புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் இந்த விகிதத்தைக் கண்காணித்துக்கொண்டே இருப்பதால், கணினி குறைந்த பெற்றோலைத் தானாகக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். அப்படிக் கூட்டியதையும் குறைத்ததையும், காரின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கானரில் சதவீதமாகப் பார்க்கலாம். மகனின் காரில், கணினி பழகி நினைவில் வைத்திருக்கும் நீண்டகாலத் திருத்தம் 13 சதவீதம், அந்தந்தக் கணத்தில் செய்யும் உடனடித் திருத்தம் 4 சதவீதம், இரண்டும் கூட்டற் பக்கமாகவே நின்றன. நல்ல நிலையிலுள்ள காரில் இரண்டும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். பல கார்களில் திருத்தம் 25 சதவீதத்தை எட்டும் வரை எச்சரிக்கை விளக்கு எரிவதேயில்லை. விளக்கு எரியாத கார் சுகமான கார் என்று நம்புபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

பெற்றோலைக் கூட்டிச் சமாளிக்கிற கணினிக்கு, தீப்பொறி நேரத்தில் அவ்வாறு முழுமையாகச் சமாளிக்க வழியில்லை; நொக் சென்சர் உள்ள கார்களிலும், அடி விழத் தொடங்கிய பிறகே பொறியை ஓரளவு பின்தள்ள முடியும். காற்றளவைக் கொண்டுதான் என்ஜினின் சுமையை அது கணிக்கிறது; சுமை குறைவு என்று பட்டால் பிளக்கின் தீப்பொறியை முந்தி அடிக்கும். முழுச் சுமையில் பெரும்பாலான கார்களின் கணினி ஒட்சிசன் சென்சரின் சொல்லையும் கேட்பதில்லை. அட்டவணையில் எழுதியிருப்பதையே செய்யும். அந்த நேரத்தில் பெற்றோலும் குறைந்து, பொறியும் முந்தினால், சிலிண்டருக்குள் கலவை தன்பாட்டில் வெடித்து என்ஜின் நொக் அடிக்கத் தொடங்கும். நாலு பேரோடும் ஏசியோடும் கிளிநொச்சியிலிருந்து வரும்போது, ஆனையிறவு தாண்டி இயக்கச்சிப் பக்கத்தில் ஒரு லொறியை முந்துவதற்காக நான் அக்சிலேற்றரை அழுத்தினேன். தகரப் பேணிக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் முன்பக்கத்திலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், இளம் மண்ணிறமாக இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. இந்த நிலையிலேயே மாதக்கணக்கில் ஓடினால் பிஸ்ரன் தலை உருகுவதும் ரிங் உடைவதும் அதிசயமல்ல. 92 ஒக்ரேன் பெற்றோலும் எங்கள் ஊர் வெயிலும் இதற்குத் துணைபோகின்றன.

வெயில் என்றதும் இன்னொன்று. கூம்புப் பில்ரர் பெரும்பாலும் என்ஜின் அறைக்குள் திறந்தபடியே நிற்கிறது. பழைய பெட்டியோ முன்பக்கத்து வெளிக்காற்றைக் குழாய் வைத்து எடுத்தது. 30 பாகை வெளிக்காற்றுக்குப் பதிலாக 60 பாகைக் காற்றை உறிஞ்சினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்துவிடும். பலம் கூட்டவென்று பூட்டியது நெரிசலான கஸ்தூரியார் வீதியில் பலத்தைக் குறைக்கிறது. கூடினதுபோலத் தோன்றுவது சத்தம்தான். பழைய பெட்டி அடக்கி வைத்திருந்த உறிஞ்சும் சத்தம் இப்போது காதில் விழுகிறது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அந்த மாப்போன்ற தூசியைக் கடதாசிப் பில்ரர் பிடிக்கிற அளவுக்குப் பஞ்சுப் பில்ரர் சாதாரணமாகப் பிடிப்பதில்லை.

எங்கள் மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோலை ஊதி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் ஓட்டிக்காட்டிய ஊர் இது. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் திருகாணியைக் காதால் கேட்டே திருப்பி வைத்த கைகளை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால், இன்றைய காரில் திருப்புவதற்கு அந்தத் திருகாணி இல்லை. நீண்டகாலத் திருத்தத்தைக் காதால் கேட்கவும் முடியாது. பற்றரியைக் கழற்றினால் கணினி அதுவரை படித்துவைத்த திருத்தம் அழியுமேயொழிய, குழாயின் புதிய விட்டம் அதற்குத் தெரியவராது; சில நாள் ஓட்டத்தில் பழையபடி 13க்கு வந்து நிற்கும். புகைப் பரிசோதனையில் சித்தியடைந்துவிட்டதே என்று சிலர் வாதிடுகிறார்கள். அது நின்ற நிலையில், சுமை ஏதுமின்றிச் செய்யப்படுவது. இயக்கச்சியில் லொறியை முந்தும்போது நடப்பது அதில் அகப்படாது.

ஆகவே, கராஜ் உரிமையாளர்களிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. குழாயைக் கழற்றுவதற்கு முன்பும், பூட்டி ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பின்பும், ஐடிலிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் ஸ்கானரில் வரும் திருத்த அளவுகளைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். சென்சர் நிற்கும் பகுதியின் உள்விட்டம் பழைய அளவுக்கு ஒத்திருக்கிறதா என்று வேர்ணியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒத்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கு மேலும் போவதானால், காற்று-பெற்றோல் விகிதத்தை அளந்து காட்டும் அகலவீச்சு ஒட்சிசன் சென்சர் பூட்டி, சுமையோடு ஓட்டிப் பார்த்து, கணினியிலுள்ள காற்றளவு அட்டவணையைத் திருத்தத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லுவதால் ஒரு கராஜின் பெயர் கெட்டுவிடாது. காற்றளவைச் சென்சர் இல்லாமல், உறிஞ்சுகுழாய் அமுக்கத்தைக் கொண்டு கணிக்கும் கார்களுக்கு இந்த விட்டப் பிரச்சினை இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சூடான காற்றும் தூசியும் அவற்றுக்கும் பொதுவே.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இப்போதும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கையிலிருக்கும் காரை இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டிய நிலையில் பலர் இருக்கும்போது, இந்த வேலையின் பிழை யாருடைய தலையில் விடியும் என்பதைக் கராஜ்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகனின் காருக்கு, கம்பிக்குரிய தெளிப்பானால் சென்சரைக் கழுவி, பழைய பெட்டியையும் புதிய கடதாசிப் பில்ரரையும் பூட்டினோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது நீண்டகாலத் திருத்தம் 3 சதவீதத்தில் நின்றது. அலுமினியக் குழாய் கோடிப்புறத்தில் கிடக்கிறது. சத்தம் போய்விட்டதே என்று மகனுக்கு மட்டும் இன்னும் மனக்குறை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறித்துறைப் போதனாசிரியர்,
கோண்டாவில்.