கண்காணிப்பாளர் அவர்களே, என் பரமபத அட்டையைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். சுகர் பிரிவில் காத்திருக்கும் நேரத்தில் நோயைப் பற்றி விளையாட்டாகச் சொல்லித்தர ஏற்பாடு கேட்டு ஆகஸ்ட் மாதம் நான் கொடுத்த மனு உங்கள் மேசையில்தான் இருக்கும். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரிப் பதிலும் அனுப்பினீர்கள், நன்றி. அதனால் பழைய கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை உங்கள் செக்யூரிட்டி என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போன பொருளைப் பற்றித்தான் இந்த மடல். அது உங்கள் அலுவலக அலமாரியில் இருப்பதாகக் கேள்வி.

அது சார்ட் பேப்பரில் நான் வரைந்த பரமபதம். கிழியாமல் இருக்கப் பின்னால் அட்டைப்பெட்டி ஒட்டியிருக்கிறேன். நூறு கட்டம், ஒன்பது பாம்பு, எட்டு ஏணி. உருட்ட, ஒரு பக்கம் தரையில் தேய்த்த புளியங்கொட்டை ஆறு. 'ஆஸ்பத்திரிக்குள்ள சூதாட்டமா?' என்று கேட்டார் அந்தத் தம்பி. காசு வைத்து ஆடவில்லை என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நிற்பவர்களை உட்காரச் சொல்வதும் உட்கார்ந்தவர்களை எழுப்புவதும்தான் அவருக்குக் கொடுத்திருக்கிற வேலை.

சுகர் பிரிவில் காத்திருப்பது மற்ற இடங்களில் காத்திருப்பதைப் போல இல்லை. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போய்வர முடியாது, பஸ் கிடைக்காது. ஆக, அந்த இரண்டு மணி நேரம் யாருடைய தாமதமும் இல்லை, பரிசோதனையே கேட்கிற நேரம். அந்த நேரத்தில் எங்களுக்கு நீங்கள் தருவது சுவரில் ஒரு டி.வி. அதில் புதுக் கட்டடத் திறப்பு விழாவை மாதம் தவறாமல் பார்க்கிறோம். ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலைக்கூட எங்களுக்கு இப்போது அடையாளம் தெரியும்.

ஜூன் மாதம் அந்த டி.வி.க்குக் கீழேதான் என் அம்மா சரிந்தார். ரத்தம் கொடுப்பதற்கு முன்பே, வீட்டிலிருந்து கிளம்பும்போதே, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். 'டாக்டரைப் பார்க்கப் போறோம், மாத்திரை போடாம போனா திட்டுவாரு' என்று நினைத்தாராம். லேப் வாசலில் ஒன்றரை மணி நேர வரிசை. முதலில் கை நடுங்கியது, அப்புறம் ஜாக்கெட் முழுக்க நனைந்து வியர்த்தது, பேச்சு குழறியது. பக்கத்தில் இருந்த பெண் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். என் அம்மா அந்த நிலையிலும் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். 'சுகர்காரி, மிட்டாய் சாப்பிடக் கூடாது.' பதினோரு வருடமாக உங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர் அவர். சர்க்கரை இறங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் மறுபடி பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் தலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் அதை விளக்கும் போஸ்டர் இருந்தது. ஆங்கிலத்தில்.

நர்ஸ் ஓடிவந்து காப்பாற்றினார். அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. டாக்டர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு காலையில் அவ்வளவு பேரைப் பார்ப்பவர் ஒவ்வொருவரிடமும் எதைத்தான் விளக்க முடியும்? ஆனால் டாக்டருக்கு இல்லாத நேரம் கூடத்தில் எங்களிடம் குவிந்து கிடக்கிறதே, ஐயா.

அதனால்தான் அந்த அட்டையை வரைந்தேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் 62-ஆம் கட்டத்திலிருந்து 19-க்கு இறக்கும் பாம்பு. சுகரால் மரத்துப்போன காலோடு, செருப்பில்லாமல் உச்சி வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றினால் இன்னொரு பாம்பு. பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருந்தால் ஏணி. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை ஈர மண்பானைக்குள் வைத்தால் ஏணி. முதலில் நானும் அம்மாவும் மட்டும் ஆடினோம். பத்து நிமிடத்தில் சுற்றிலும் பதினைந்து பேர். பிரகாரப் பாம்பு ஒருவரைக் கடித்தபோது, பின்னால் ஊன்றுகோலோடு நின்ற பெரியவர், 'அது நெசம்தாம்மா, ஆடிக் கிருத்திகைக்குச் சுத்துனேன், சுட்டதே தெரியல, கொப்புளமாகி இதைத்தான் எடுத்தாங்க' என்று வலது காலை முன்னால் நீட்டினார். கட்டைவிரல் இல்லை. கூட்டம் சத்தமில்லாமல் அந்தக் காலைப் பார்த்தது. இரண்டு பெண்கள் அங்கேயே செருப்பைக் கழற்றித் தங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் போஸ்டர் இதைச் செய்திருக்கும்?

அந்த நேரத்தில்தான் செக்யூரிட்டி வந்தார்.

விளையாட்டு என்றால் விளையாட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த இளைஞர்களுக்காக அமெரிக்காவில் 'ரீ-மிஷன்' என்று ஒரு வீடியோ கேம் செய்தார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 34 மருத்துவ மையங்களில், 13 முதல் 29 வயது வரையிலான 375 பேரிடம் அதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண கேம் ஆடியவர்களைவிட இதை ஆடியவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள், நோயைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். நமக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். எது ஏற்றும், எது இறக்கும் என்று வைகுண்ட ஏகாதசி இரவில் பாட்டிகள் சொல்லிக்கொடுத்த பலகை நம்மிடமே இருக்கிறது.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மேசை, ஒரு பரமபதம், ஆட்டத்தை நடத்த ஓர் ஆள். பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. பாம்பு எது, ஏணி எது என்பதை உங்கள் டாக்டர்கள் ஒரு தடவை சரிபார்த்துக் கொடுக்கட்டும். நான் எழுதியதில் தவறு இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள்.

மேசைக்கு நிதி இல்லை என்பீர்கள். வாசலில் செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரை விளக்கு எழுத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், அதற்கு நிதி இருந்தது. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அதன் முன்னால் நின்று சிரிப்பார்கள் என்று யார் நினைத்தார்களோ தெரியவில்லை. குடிதண்ணீர்க் குழாய் மூன்றில் இரண்டு வராது, பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சிறுநீர்ப் பரிசோதனைக்குப் புட்டி கொடுத்துவிட்டு... சரி, இது வேறு மனுவுக்கான விஷயம். மன்னிக்கவும். அந்த மனுவையும் எழுதுவேன்.

இப்போதைக்கு ஒரு மேசை, ஒரு பரமபதம், நடத்த ஓர் ஆள். அதற்கு உத்தரவு போட நாள் ஆகும் என்றால், என் அட்டையையாவது திருப்பித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மறுபடி பரிசோதனை. காலை ஏழு மணிக்கே வந்துவிடுவோம். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் செக்யூரிட்டி தம்பியிடம் சொல்லிவையுங்கள். புளியங்கொட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை, வீட்டில் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
சுகர் பிரிவில் மாதாமாதம் காத்திருக்கும் ஒரு மகள்