கொரியாவைக் காத்த எழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரியப் பண்பாட்டைச் சீனத்தின் நகல் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தை உற்றுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கொரிய மன்னர் செஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட 28 எழுத்துகள் அவை. இன்று 24 புழக்கத்தில் உள்ளன. 'ந்' ஒலிக்கான எழுத்து, மேல்நோக்கி வளைந்த நாக்கின் வடிவம். அதன்மேல் ஒரு கோடு போட்டால் 'த்'. இன்னொரு கோடு சேர்த்தால் மூச்சு அழுத்தி வரும் 'த்'. 'ம்' என்பது வாயைக் குறிக்கும் சதுரம். சீன எழுத்தில் இந்த ஒழுங்குக்கு இடமே இல்லை.

எதிர்ப்பு அரண்மனைக்குள்ளேயே கிளம்பியது. சீன எழுத்தைக் கைவிடுவது காட்டுமிராண்டித்தனம் என்று 1444-ல் அறிஞர் சோ மல்லி மனுக் கொடுத்தார். படித்த வர்க்கம் அதன்பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் சீன எழுத்திலேயே எழுதியது. ஹங்குலைப் பெரிதும் வாழவைத்தவர்கள் கடிதமும் கதையும் எழுதிய பெண்களும் எளிய மக்களும்தான். இதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

ஜப்பானிய ஆட்சியில் 1938-ல் பள்ளிகளில் கொரிய மொழி விருப்பப் பாடமாகச் சுருங்கியது. விரைவில் அதுவும் போயிற்று. 1942-ல், அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிச் சங்கத்தாரைக் கைது செய்தார்கள். இருவர் சிறையிலேயே இறந்தனர். வழக்குச் சான்றாகப் பறிமுதலான கையெழுத்துப் படிகள், கொரியா விடுதலை பெற்ற பின் 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தன. அகராதியின் முதல் தொகுதி 1947-லும் ஆறாவது 1957-லும் அச்சேறின.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை