வால் சைக்கிளைப் பூட்டித் தாருங்கள்

உதவி அமைப்பின் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

வன்னியில் விசுவமடுப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நீங்கள் கொடுத்த வால் சைக்கிள்கள் பற்றியது இது. பெரிய சைக்கிளின் பின்னால் கொளுவி, பிள்ளையை ஏற்றிப்போகும் அந்த ஒற்றைச் சில்லு வண்டியை இங்கே பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். கொடுத்த நாளில் நான் அழுதேன். 1990களில் எரிபொருள் தடை இருந்த காலம், அப்பா என்னைக் கரியரில் வைத்துத்தான் எங்கும் கூட்டிப்போவார். பின்சில்லுக் கம்பிக்குள் குதிக்கால் மாட்டிய தழும்பு இன்னும் என் காலில் இருக்கிறது. என் மகளுக்கு அது வராது என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வாய்க்கால் மதகில் ஏறி இறங்கும்போது, வால் சைக்கிளை என் சைக்கிளின் சீற் கம்பியோடு கொளுவியிருந்த பிடி ஆடிச் சரிந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய, ஆறு வயதுப் பிள்ளை கிரவலில் விழுந்தாள். முழங்கையும் முழங்காலும் உரிந்தன. பின்னால் வந்த உழவு இயந்திரக்காரர் பிறேக் பிடித்ததால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன்.

காரணம் பெரிதல்ல. சீற் கம்பியின் தடிப்பு 25.4 மில்லிமீற்றர், 27.2 மில்லிமீற்றர் என்று சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் பிடிக்குள் வைக்கும் பிளந்த உலோக வளையம் இருக்கிறது. எங்களுக்கு வந்த பெட்டியில் வளையமும் இல்லை, கொளுவியது கழன்றுவிடாமல் செருகும் பூட்டுப்பின்னும் இல்லை. சைக்கிள் கடைத் தம்பி பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றி, பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி முறுக்கித் தந்தார். ரப்பர் நசுங்கும்; நசுங்க நசுங்க பிடி தளரும். அவரும் அதைச் சொன்னார். வேறு வழி இருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். எங்கள் சைக்கிள்களில் சீற்றுக்கு அடியிலேயே கரியர் வந்துவிடும். பிடி பூட்ட இடம் வேண்டுமென்றால் சீற்றை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் என் கால் நிலத்தில் முட்டாது. நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, பின்னால் பிள்ளையோடு முழுப் பாரத்தையும் ஒற்றைக் காலில் தாங்குகிறேன். கரியரைக் கழற்றினால் அரிசி மூட்டையை எதில் கொண்டுபோவது? அதற்கென்றே செய்த கரியரில் பூட்டுகிற வால் சைக்கிளும் உண்டு. எங்களிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கேட்காமல் கொடுப்பது உங்களோடு தொடங்கியதல்ல. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த எத்தனையோ பொருள்கள், ஒரு சிறு உதிரிப்பாகம் இல்லாமல் கொட்டில்களில் கறள் பிடித்துக் கிடக்கின்றன. கொடுக்கும் நாளில் படம் எடுக்கப் பத்துப் பேர் வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து அது ஓடுகிறதா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. வாங்குகிறவர்கள் நன்றி சொல்ல மட்டும்தான் வாய் திறக்க வேண்டுமா?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் குளிரில் உழைத்த காசில்தான் இவை வந்தன என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வண்டிகளைத் திருப்பி எடுங்கள் என்று கேட்கவில்லை, பூட்டித் தாருங்கள் என்று கேட்கிறேன். ஒவ்வொரு தாயின் சைக்கிளையும் அளந்து, அதற்குப் பொருந்தும் வளையத்தையும் உண்மையான பூட்டுப்பின்னையும் போட்டு, பிள்ளையை ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாருங்கள். இனிக் கொடுப்பவற்றையும் பூட்டாமல் கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது மகளைத் திரும்பவும் கரியரில் வைத்துத்தான் கூட்டிப்போகிறேன், கால் இரண்டையும் அகட்டிப் பிடி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு. பள்ளிக்கூடம் ஒன்றரை மணிக்கு விடும். நாளைச் சொல்லுங்கள், சைக்கிள்களோடு வாசலில் நிற்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய்