அந்த மிஷினை வாங்காதே, மலர்

பாளையங்கோட்டை
அக்டோபர் 12

ஏட்டி மலர்,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, இவருக்குச் சர்க்கரை, எனக்கு இவர்கள் இரண்டு பேரும். அத்தை காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள் ஆறு மாதமாக ஒரு போன்கூடப் போடவில்லை என்று நீ வைதிருப்பாய். இன்னும் கொஞ்சம் வைதுகொள், எனக்கு அது வேண்டியதுதான். தினமும் நினைப்பேன். நினைத்த நேரத்தில்தான் குக்கர் விசிலடிக்கும், அம்மா கூப்பிடுவாள், கேஸ்காரன் வருவான். அப்படியே போய்விட்டது.

போனில் உன்னிடம் பேச முடியாது, நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் கடிதம். அண்ணன் மகன் இன்று ராத்திரி தஞ்சாவூர் கிளம்புகிறான். கும்பகோணம் வந்து உன் கையில் இதைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். கூட ஒரு பொட்டலமும் இருக்கும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரி. நீ இப்போதே பிரித்திருப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மெழுகு உருக்குகிற மிஷின்: அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம், பக்கத்தில் சிவப்பு லைட் எரிகிற பெட்டி, 10 கிலோ பிடிக்கும், 22,000 ரூபாய். "சீட்டு எடுத்துட்டேன், திங்கட்கிழமை பணம் கட்டுறேன், வாழ்த்து சொல்லு" என்று கீழே எழுதியிருக்கிறாய். வாழ்த்தெல்லாம் அப்புறம்.

முதலில் கணக்கு. கணக்கு டீச்சர் நம் இரண்டு பேரையும் வெளியேதான் நிறுத்துவார், ஆனாலும் ஜன்னல் வழியாக ஏதோ கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது. கார்த்திகைக்கு 500 மெழுகு அகல் ஆர்டர் வந்திருக்கிறது என்றாய். சின்ன அகலில் 20 கிராம் மெழுகு பிடிக்கும். மொத்தம் 10 கிலோ. ஒரு ஈடுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் பத்து ஈடு. ஊற்றி முடிக்க ஈட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். மிச்ச 363 நாளும் அந்த டிரம்மில் என்ன போட்டு வைப்பாய்? அரிசியா?

நான் சும்மா சொல்லவில்லை, பட்டுவிட்டுச் சொல்கிறேன். போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு 300 மெழுகுவத்தி செய்து விற்றேன் என்று உன்னிடம் பெருமையடித்தேன் இல்லையா? அதற்கு முந்தின மாதம் நடந்ததைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், உன் தம்பி பெண்டாட்டி காதுக்கு மட்டும் போக வேண்டாம்.

ஐந்து கிலோ பாரபின் பாளம் வாங்கினேன், 58 டிகிரியில் உருகும் ரகம். சாக்கில் போட்டுக் குழவிக்கல்லால் இடித்து நொறுக்கினேன். பழைய அலுமினியச் சட்டியில் அள்ளிப் போட்டு நேராக கேஸ் அடுப்பில் வைத்தேன். வெண்ணெய் மாதிரி உருகியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். வாசலில் கூரியர்காரன் மணி அடித்தான். போய்க் கையெழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், அடுக்களை முழுக்க அணைத்த திரியின் நாற்றம். சட்டியிலிருந்து வெள்ளைப் புகை. நான் பதறிப்போய்ச் சட்டியை நகர்த்தப் பார்த்தேன், மெழுகு தளும்பி வெளிப்பக்கமாக வழிந்தது. வழிந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு தீ மேலே ஏறியது. என் கை தானாகத் தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டது, மலர்.

அம்மா அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 81 வயது, எழுந்திருக்கவே இரண்டு கை வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து, "தண்ணிய கீழ வைட்டி! தட்டப் போட்டு மூடு!" என்று ஒரு சத்தம். கல்யாண வீட்டு அதிரசச் சட்டிகளைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா. அடுப்பை அணைத்து, இட்லிப் பானை மூடியை எடுத்துக் கவிழ்த்தேன். அணைந்துவிட்டது.

அந்தச் செம்புத் தண்ணீரை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. தண்ணீர் மெழுகை விடக் கனம், நேரே அடிக்குப் போகும். அந்தச் சூட்டில் போன வேகத்தில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு, எழுநூறு மடங்கு விரியும். மேலே இருக்கிற எரிகிற மெழுகையெல்லாம் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். அம்மா ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இதை எழுதும்போது இப்போதும் கை ஒரு மாதிரி ஆகிறது. சரி, விடு.

அதன் பிறகு கேஸ் வேண்டாம் என்று இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினேன். ஊற்றுவதற்கு வசதியாக மூக்கு வைத்த அலுமினிய ஜக் ஒன்று 280 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். அதை இண்டக்ஷனில் வைத்தால் கீச் கீச் என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் வேலை செய்யாதாம். இவர் பேப்பரை மடக்காமலே, "அது எனக்கே தெரியுமே" என்றார். கல்யாணமாகி 31 வருஷமாகத் தெரிந்ததை முன்கூட்டிச் சொன்னதே கிடையாது.

இன்னொரு 900 ரூபாய் போட்டு காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் வாங்கினேன். நன்றாகத்தான் உருக்கியது. மிச்ச மெழுகை அதிலேயே ஆறவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அப்படியே அடுப்பைப் போட்டேன். மேலே பார்த்தால் கல் மாதிரி வெள்ளையாக, அசையாமல் இருக்கிறது. இன்னும் சூடேறவில்லை போல என்று குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் புளிச்சென்று ஒரு சத்தம். ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளிருந்து மெழுகு பீறிட்டு, காலண்டரில் ஐப்பசி மாதத்தை மறைத்துவிட்டது. இரண்டு நொடி முந்தி என் முகம் அங்கே இருந்தது. அடி முதலில் உருகுகிறது, உருகினால் விரிகிறது, மேலே கெட்டி மூடி. வேறு எங்கே போகும்? அதனால் ஆறின மெழுகை மறுபடி சூடாக்குவதாக இருந்தால் நடுவிலும் ஓரத்திலும் கம்பியால் அடிவரை குத்தி வழி வைத்துக்கொள். இதை மட்டும் மறக்காதே.

நடுவில் அண்ணன் மகள் தன் பியூட்டி பார்லரிலிருந்து ஒரு வேக்ஸ் ஹீட்டர் கொண்டுவந்தாள். முடி எடுக்கிற மெழுகை உருக்குகிற குட்டிப் பானை. விலை 600 சொச்சம்தான், சூடு கூட்டவும் குறைக்கவும் திருகு உண்டு, தானாக நின்றுகொள்ளும். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அரைக் கிலோ உருக ஒரு மணி நேரம் ஆகிறது. வாசனை எண்ணெய் எத்தனை சொட்டு சேர்க்கலாம், சாயம் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்க அருமையானது. 500 அகலுக்கு ஆகாது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கால் மயிரை எடுத்த சட்டியில செஞ்ச மெழுகுவத்தியையா கல்லறையில கொண்டு வைப்பாக?" என்று கேட்டாள். புதுசு வாங்கியதுதான் என்று சொன்னாலும் நம்பவில்லை.

தெர்மாமீட்டர் கதையையும் கேள். சூடு தெரியாமல் தடவித் தடவிச் செய்கிறோமே என்று, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இருந்ததே, அதை எடுத்து மெழுகுக்கு நேரே பிடித்தேன். எண் எதுவும் வரவில்லை, ஆங்கிலத்தில் 'ஹை' என்று வந்தது. அது காய்ச்சல் பார்க்கிற கருவி, 43 டிகிரியைத் தாண்டினால் சூடு அதிகம் என்று கை விரித்துவிடும். பேரன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆச்சி, மெழுகு உங்களுக்கு ஹாய் சொல்லுது" என்றான். அப்புறம் 350 ரூபாய்க்கு ஊசி மாதிரி உள்ளே விடுகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் காசு போட்டு வாங்க வேண்டிய ஒரே சாமான் அதுதான். பாரபினை 75, 80 டிகிரியில் ஊற்றினால் எனக்குச் சரியாக வருகிறது. ரொம்பச் சூட்டில் ஊற்றினால் ஆறும்போது திரியைச் சுற்றி ஆழமாகக் குழி விழும். வாசனை எண்ணெயும் அந்தச் சூட்டில் காற்றோடு போய்விடும்.

இப்போது உன் பொட்டலத்துக்கு வருகிறேன்.

என் கல்யாணத்துக்கு வந்த பால் குக்கர் நான்கு. அந்த வருஷம் பாளையங்கோட்டையில் வேறு சாமானே விற்கவில்லையோ என்னவோ. மூன்றை யார் யாருக்கோ மொய்யாகத் திருப்பிவிட்டோம், ஒன்று மட்டும் பரணில் கிடந்தது. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது கீழே இறக்கினேன். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. பால் பொங்காமல் இருக்க இதில் என்ன செய்திருக்கிறான்? இரட்டைச் சுவர் வைத்து நடுவில் தண்ணீர் ஊற்ற இடம் விட்டிருக்கிறான். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் உள்ளே இருப்பதும் அதற்கு மேல் சூடாகாது. தண்ணீர் கொதித்தால் விசில் கூப்பிடும். நான் வாசலில் நின்று பேசினாலும் கூப்பிடும்! உன் 22,000 ரூபாய் டிரம்மும் இதே இரட்டைச் சுவர்தான், கூடக் குழாயும் சிவப்பு லைட்டும் உண்டு, அவ்வளவுதான்.

பக்கச் சுவரிலிருந்தும் சூடு வருவதால் அந்தக் காலண்டர் விவகாரம் மறுபடி நடக்கவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் சுற்றியுள்ள வெந்நீர் மெழுகை இளக்கமாகவே வைத்திருக்கும், நிதானமாக ஊற்றலாம். மெழுகுத் துண்டுகளை முக்கால் அளவுக்குப் போட்டுத் தொடங்கு, உருகி இறங்க இறங்க மிச்சத்தைச் சேர். ஐஸ் தண்ணீரில் மிதக்கும், மெழுகு உருகின மெழுகில் முங்கும். அதனால் அடியில் கட்டி கிடக்கிறதா என்று குச்சியால் துழாவிப் பார்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. குக்கரைத் தூக்கிச் சாய்த்து ஊற்றப் பார்க்காதே. விசில் ஓட்டை வழியாக வெந்நீர் புறங்கையில் கொட்டும். என் இடது கையில் இன்னும் தழும்பு இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது காட்டுகிறேன். குழிக்கரண்டியால் அலுமினிய ஜக்கில் மொண்டு, அதிலிருந்து ஊற்று. ஜக்கையும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் விசிலைக் கழற்றித் தண்ணீர் இருக்கிறதா என்று பார். தண்ணீர் வற்றிவிட்டால் விசிலும் வராது, ஒன்றும் வராது, நீ நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

அந்த விற்பனைக்காரர் கரண்ட் மிச்சமாகும் என்று சொன்னாராமே? ஒரு கிலோ மெழுகை உருக்கக் கால் யூனிட்கூடப் பிடிக்காது. இதில் எதை மிச்சம் பிடிப்பது? குழாய் விஷயத்தையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ராத்திரி குழாய்க்குள் மெழுகு உறைந்துவிடும். காலையில் ஹேர் டிரையரை வைத்து அதற்கு ஊதிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே ஒருத்தி நிற்கிறாள், பார்த்தேன்.

மலர், ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சீட்டு எதற்காகக் கட்டினாய் என்று எனக்குத் தெரியும். அத்தையை இருத்திப் பார்த்த ஒன்பது வருஷத்தில் உன் முதுகு என்ன ஆயிற்று என்றும் தெரியும். ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு உன் பீரோவில் கிடப்பதை நான் வந்தபோது பார்த்தேன். நீ அதைப் புடவைக்கு அடியில் தள்ளினாய், நானும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். "வீட்டில் எனக்குன்னு ஒண்ணு வேணும்டி" என்று அன்றைக்குச் சொன்னாயே, அதற்குக் குறுக்கே நிற்க எனக்கு மனசில்லை. அகல் செய், நிறையச் செய். அடுத்த வருஷம் ஐயாயிரம் ஆர்டர் வந்தால் நானே வந்து அந்த டிரம்மைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். இந்தத் திங்கட்கிழமை மட்டும் ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குப் போ. என்ன சொன்னார்கள் என்று அன்று ராத்திரியே எனக்குச் சொல். பதினொன்றரைக்கானாலும் சரி.

மண் அகல் மெழுகைக் குடிக்கும். முதலில் தூரிகையால் உள்பக்கம் ஒரு கை மெழுகு பூசிக் காயவிட்டு, அப்புறம் நிரப்பு. இல்லாவிட்டால் அடியில் கசிந்து வாங்கினவர்கள் வீட்டுத் தரை எல்லாம் பிசுபிசுக்கும். ஸ்டீரிக் ஆசிட் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் நல்ல வெள்ளையாக, கெட்டியாக வரும். பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே பழைய பேப்பரால் துடைத்துவிடு. வெந்நீர் விட்டுத் தொட்டியில் கழுவினால் குழாய்க்குள் போய் உறைந்துகொள்ளும். எனக்கு பிளம்பர் கூலி 600. அதை இவரிடம் 200 என்று சொல்லியிருக்கிறேன், பேச்சுவாக்கில் உளறிவிடாதே.

அந்தக் குக்கரில் இனிமேல் பால் காய்ச்ச முடியாது, அதனால் பயப்படாமல் வைத்து உழை. கார்த்திகை முடிந்ததும் எனக்குத் திரும்பி வரவேண்டும், கிறிஸ்துமஸ் ஆர்டர் இருக்கிறது. விசிலைத் தனியாக ஜக்குக்குள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

பிரித்ததும் கவிழ்த்து அடியைப் பார். உங்கள் நாலு பேர் பேரும் இருக்கும். பாத்திரக்கடைக்காரன் உன் பேரை "மலார்" என்று வெட்டிவிட்டான், மண்டபத்து வாசலில் நின்று அவ்வளவு அழுதாயே.

உன்
செல்வி