அந்த நீலத்தை யாரும் பார்க்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கரும்பொருள் (ஒளியே விடாத, ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் பொருள்) பற்றிய கட்டுரையோடு, புல்லட் கிளஸ்டர் என்ற கேலக்ஸிக் கொத்தின் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். நன்றி. என் குறை அதன் கீழே இருந்த ஒற்றை வரியில்தான்: 'தொலைநோக்கியில் சிக்கிய கரும்பொருள், நீல நிறத்தில்.' என் பேத்தி அதைப் படித்துவிட்டு, "கரும்பொருள்னா கறுப்பாதானே இருக்கணும், இது ஏன் தாத்தா நீலமா இருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அந்த நீலம் எந்தத் தொலைநோக்கியிலும் சிக்கவில்லை. படத்தில் உள்ள கேலக்ஸிகள் நிஜமான ஒளிப்படம். இளஞ்சிவப்பு, கொத்தில் இருக்கும் சூடான வாயு வெளியிட்டு, சந்திரா விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்த எக்ஸ் கதிர். நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கிருந்து வந்த ஒளிதான். நீலப் பகுதி அப்படியல்ல. வழியில் இருக்கும் நிறை தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்து, பின்னால் இருப்பவற்றின் உருவத்தை இழுத்துக் காட்டும். கேலக்ஸிக் கொத்துக்கு வெகு பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் உருவம் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளந்து, இவ்வளவு இழுபட வேண்டுமானால் வழியில் எங்கே எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்று திருப்பிக் கணக்கிட்டு, வந்த விடைக்கு நீலம் பூசியிருக்கிறார்கள். பச்சை பூசியிருந்தாலும் பாதகமில்லை.

இந்த அளவீட்டைக் கட்டுரை 'பூதக்கண்ணாடி போல' என்று இரண்டு சொல்லில் தாண்டிவிட்டது. பேத்திக்கு நான் பூதக்கண்ணாடியைக் காட்டவில்லை. அடி தடித்த கண்ணாடித் தம்ளரைக் கட்டம் போட்ட நோட்டின் மேல் வைத்து, மேலிருந்து பார்க்கச் சொன்னேன். கோடுகள் நடுவைச் சுற்றி வில்லாக வளைந்தன. கோடுகள் உண்மையில் நேரானவை என்று நமக்குத் தெரியும். அதனால் தம்ளரின் அடி எங்கே தடித்திருக்கிறது என்று ஊகித்துவிடலாம். வானத்தில் கட்டம் போட்ட தாள் கிடையாது, அதுதான் சிக்கல். பின்னணிக் கேலக்ஸிகள் பிறவியிலேயே நீள்வட்டமாக, ஆளுக்கொரு திசையில் சாய்ந்து கிடக்கின்றன.

கொத்தின் நடுப்பகுதியில் வளைவு கண்ணுக்கே தெரியும். ஏபெல் 370 கொத்தில் இருக்கும் நீண்ட வில் அப்படிப்பட்டது. 1988இல் வெளியான அதன் நிறமாலைதான் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு), அது கொத்துக்கு வெகு தொலைவு பின்னால் இருக்கும் ஒரு கேலக்ஸியின் உருவம் என்று உறுதிப்படுத்தியது. மையத்தை விட்டு வெளியே போகப் போக இந்த இழுபாடு சில சதவீதத்துக்கு இறங்கிவிடும். தனியாக ஒரு கேலக்ஸியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒற்றை மரம் சாய்ந்திருந்தால் அது வளர்ந்த வாகு. தோப்பே சாய்ந்திருந்தால் காற்று. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அவற்றின் சொந்தச் சாய்வுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடும். கொத்தைச் சுற்றி வட்டம் போட்டாற்போல ஒரு சிறு சாய்வு மட்டும் மிஞ்சும். 1990இல் டோனி டைசன் குழுவினர் இதைக் கொத்துகளில் அளந்து காட்டினார்கள். சாய்வுகளிலிருந்து நிறை வரைபடத்துக்குப் போகும் கணக்கை 1993இல் நிக் கைசரும் கோர்டன் ஸ்கொயர்ஸும் கொடுத்தார்கள்.

நீலம் மூட்டம்போல வழவழவென்று இருப்பதற்கும் இந்தச் சராசரிதான் பெரும் காரணம். அதை வைத்துக் கரும்பொருளே பனிமூட்டம் மாதிரி இருக்கிறது என்று எழுதுவது (உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்) சரியல்ல. நம் அளவீட்டின் கூர்மை இப்போதைக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தப் படம் எதற்காகப் பேசப்படுகிறது என்பதையே கட்டுரை விட்டுவிட்டது. இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்த பிறகான காட்சி அது. கொத்துகளில் விண்மீன்களின் மொத்த நிறையைவிடச் சூடான வாயுவின் நிறை பல மடங்கு அதிகம். வாயு மோதிக்கொண்டு பின்தங்கிவிட்டது. கேலக்ஸிகள் உரசாமல் போய்விட்டன. கரும்பொருள் என்று ஒன்று இல்லையென்றால் நிறை வாயுவோடுதான் இருந்திருக்க வேண்டும். 2006இல் டக்ளஸ் க்ளோ குழுவினர் வெளியிட்ட வரைபடத்தில் அது கேலக்ஸிகளின் பக்கம் இருந்தது. இளஞ்சிவப்பும் நீலமும் விலகி நிற்கின்றனவே, விஷயமே அதுதான்.

கணக்கில் வந்தது என்று போட்டால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. மேக்ஸ் ஜே1149 கொத்தில் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். 2014 நவம்பரில் அந்தக் கொத்துக்குப் பின்னால் வெடித்த ஒரே விண்மீன் (சூப்பர்நோவா) நான்கு உருவங்களாகத் தெரிந்தது. கொத்தின் நிறை வரைபடத்தைக் கையில் வைத்திருந்த குழுக்கள், அதே வெடிப்பின் இன்னொரு உருவம் சுமார் ஓராண்டில் சற்றுத் தள்ளி இன்ன இடத்தில் தோன்றும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தன. வேறு வழியாகச் சுற்றி வந்த ஒளி, அதனால் தாமதம். 2015 டிசம்பர் 11 அன்று ஹபிள் எடுத்த படத்தில், சொன்ன இடத்தில் அது இருந்தது.

தம்ளரை எடுத்து வைத்த கையோடு பேத்தி உங்கள் படத்தில் இழுபட்ட கேலக்ஸிகளைத் தேட ஆரம்பித்தாள். நீலத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த இதழில் இடமிருந்தால், நிறம் பூசாத படத்தையும் போடுங்கள். பாதிப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்